பென் டிரைவ் வந்தால் கதவைத் திறப்பது யார்?

கழக்கூட்டத்துக்கு நான் பொட்டி தட்ட வந்து இருபது வருஷத்துக்கு மேலாகிறது. சொந்த ஊர் ஆரணி. ஒரு ராத்திரி முழுக்க ரயிலில் கிடந்தால்தான் இங்கே வந்து சேர முடியும். ஊர் தெரியாதவர்களுக்கு நாலு வரி. திருவனந்தபுரத்துக்குக் கொஞ்சம் வடக்கே இருக்கிறது. திருவிதாங்கூர் சரித்திரத்தில் எட்டு வீட்டுப் பிள்ளைமார் என்று வருவார்களே, மார்த்தாண்ட வர்மாவை எதிர்த்து அழிந்து போனவர்கள், அதில் ஒருவர் கழக்கூட்டத்துப் பிள்ளை. இப்போது ஊருக்கு அடையாளம் டெக்னோபார்க். 1990-ல் ஆரம்பித்தது. கட்டிடங்களுக்கு ஆறுகளின் பெயர் வைத்திருக்கிறார்கள். பம்பா, பெரியாறு, நிளா, பவானி... பவானி என்று படித்ததும் நம்மாட்களுக்கு ஈரோடு ஞாபகம் வந்துவிடும் :-)

இந்தப் பக்கம் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு விநோதமான நிலைமை உண்டு. பிள்ளைகள் கேரளப் பாடத்திட்டப் பள்ளியில் லினக்ஸ் படிக்கிறார்கள். ஆகவே வீட்டிலும் லினக்ஸ். ஊரிலிருந்து வரும் மாமா, சித்தப்பா, ஃபோட்டோ ஸ்டூடியோக்காரர் எல்லாரும் விண்டோஸ். நடுவில் போய்வந்துகொண்டிருப்பது பென் டிரைவ். "உன் பொட்டில மட்டும் ஏன் இது உடனே தொறக்க மாட்டேங்குது?" என்ற கேள்வியை நான் எத்தனை சொந்தக்காரர்களிடம் வாங்கியிருப்பேன் என்று கணக்கே இல்லை. இப்போது அந்தக் கேள்வி அநேகமாக நின்றுவிட்டது. சொருகினால் திறக்கிறது. ஆனால் இந்தச் சின்ன விஷயத்துக்கு வந்து சேர லினக்ஸுக்கு ஏன் அத்தனை வருஷம் பிடித்தது என்பது சுவாரசியமான கதை. அதைத்தான் எழுதப் போகிறேன். கொஞ்சம் டெக்னிகல் மேட்டர் வரும், பொறுத்துக்கொள்ளவும்.

முதலில் மவுண்ட் என்றால் என்ன? டாஸ், விண்டோஸ் உலகம் ஒரு தெரு மாதிரி. ஏ, சி, டி, இ என்று வரிசையாக வீடுகள், ஒவ்வொன்றுக்கும் தனி வாசல். புதிதாக ஒரு டிஸ்க் வந்தால் தெருக்கோடியில் இன்னொரு வீடு. யுனிக்ஸ் அப்படி இல்லை. ஒரே வாசல் வைத்த பெரிய கூட்டுக்குடும்ப வீடு. எத்தனை டிஸ்க் வந்தாலும் அந்த ஒரே வீட்டுக்குள் ஏதாவது ஓர் அறையில்தான் தங்க வேண்டும். எந்த அறை என்று சொல்வது வீட்டுப் பெரியவர் வேலை. அந்தப் பெரியவர்தான் ரூட். அறை ஒதுக்கும் அந்தச் செயல்தான் மவுண்ட். 1971 நவம்பரில் வந்த யுனிக்ஸின் முதல் கையேட்டிலேயே மவுண்ட் கட்டளை இருக்கிறது. கழற்றும் கட்டளையும் இருக்கிறது, ஆனால் அதன் பெயர் அன்மவுண்ட் அல்ல, உமவுண்ட். நடுவில் ஓர் 'ன்' காணோம். ஐம்பது வருஷத்துக்கு மேலாகியும் அந்த எழுத்தை யாரும் திருப்பி வைக்கவில்லை.

அந்தக் காலத்தில் இந்த ஏற்பாட்டில் ஒரு குறையும் இல்லை. கணினி ஆய்வுக்கூடத்தில் ஓர் அறையில் இருக்கும். டிஸ்க் என்பது பெரிய தட்டு. அதைத் தூக்கி வந்து இயந்திரத்தில் மாட்டுகிறவர் ஆபரேட்டர், அவரே மவுண்ட் கட்டளையும் கொடுப்பார். வேறு யாரோ சட்டைப்பையில் ஒரு டிஸ்க்கைப் போட்டுக்கொண்டு வந்து, கேட்காமல் மாட்டிவிட்டு, வேலை முடிந்ததும் பிடுங்கிக்கொண்டு போவார் என்று அன்றைக்கு யாரும் நினைத்திருக்க முடியாது.

அனுமதிக்கு நியாயமான காரணமும் உண்டு. யுனிக்ஸில் ஒரு புரோகிராமுக்கு, யார் ஓட்டினாலும் பெரியவரின் அதிகாரத்தில் ஓடும்படி ஒரு முத்திரை குத்த முடியும். வெளியாள் தன் வீட்டில் அப்படி முத்திரை குத்திய புரோகிராமை டிஸ்க்கில் போட்டுக் கொண்டுவந்து இங்கே மவுண்ட் செய்தால் முடிந்தது கதை, வீட்டுச் சாவி அவர் கையில். ஆகவே பெரியவர் பார்த்துத்தான் உள்ளே விட வேண்டும் என்பது வீம்பு இல்லை, ஜாக்கிரதை. மேலே சொல்லப்போகும் அத்தனை எரிச்சலுக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது. பொட்டிக்குச் சொந்தக்காரர் ஒருவர், அதன் முன்னால் உட்கார்ந்திருப்பவர் இன்னொருவர், பென் டிரைவுக்குச் சொந்தக்காரர் மூன்றாவது ஆள். இதில் யார் பேச்சு செல்லும்?

தொண்ணூறுகளுக்கு வருவோம். இந்தியாவில் லினக்ஸைத் தொட்ட பலருக்கு முதல் சிடி வந்தது பத்திரிகையோடு. 'பிசி குவெஸ்ட்' 1996-ல் ஸ்லாக்வேர் லினக்ஸ் சிடியை இதழோடு சேர்த்துக் கொடுத்தது. இணையத்தில் இறக்குவது என்பது டயல்-அப் காலத்தில் நடக்கிற காரியமா? சிடி கிடைத்தது, நிறுவியாகிவிட்டது, அடுத்து அதே சிடியில் இருக்கும் பாட்டைக் கேட்கலாம் என்று போட்டால் ஒன்றும் நடக்காது. ரூட்டாக நுழைந்து, எந்த டிவைஸ், எந்த வகை கோப்பமைப்பு, எந்த அடைவு என்று மூன்றையும் சொல்லி மவுண்ட் செய்ய வேண்டும். முடிந்ததும் சிடியை எடுக்கப் பொத்தானை அழுத்தினால் தட்டு வெளியே வராது! மவுண்ட் ஆகியிருக்கும் வரை லினக்ஸ் சிடி டிரைவின் கதவைப் பூட்டிவிடும். உமவுண்ட் அடித்தால் 'டிவைஸ் இஸ் பிஸி' என்று பதில் வரும். எங்கேயோ ஒரு ஜன்னல் அந்த அடைவுக்குள் நின்றுகொண்டிருக்கும். எது என்று தேட ஒரு கட்டளை, கொல்ல ஒரு கட்டளை. வீடியோ கடையில் வாடகைக்கு எடுத்த சிடியைத் திருப்பிக் கொடுக்க இவ்வளவு பாடு.

ஃப்ளாப்பியில் கதை தலைகீழ். அந்த டிரைவில் கதவைப் பூட்ட வழியில்லை. பொத்தானை அழுத்தினால் வெளியே வந்துவிடும். ஆனால் லினக்ஸ் எழுத வேண்டியதை உடனே எழுதாது. நினைவகத்தில் வைத்துக்கொண்டு, அரை நிமிஷம் வரை கூடத் தள்ளிப்போட்டு, சாவகாசமாக எழுதும். வேகத்துக்காகச் செய்த நல்ல ஏற்பாடுதான். ஆனால் உமவுண்ட் செய்யாமல் ஃப்ளாப்பியை எடுத்தால், எழுதியதாக நீங்கள் நினைத்த கோப்பு அதில் இருக்காது. இந்த ஒரு சங்கதி பின்னால் பென் டிரைவ் காலத்திலும் விடாமல் துரத்தியது. சொல்கிறேன்.

சாதாரண ஆளுக்கும் அனுமதி கொடுக்க வழி இருந்தது. எஃப்எஸ்டேப் என்று ஒரு கோப்பு. எந்த டிவைஸ் எந்த அறைக்கு என்று பெரியவர் முன்கூட்டியே எழுதி வைக்கும் பட்டியல். அதில் ஒரு வரியில் 'யூசர்' என்று சேர்த்துவிட்டால் யார் வேண்டுமானாலும் அந்த டிவைஸை மவுண்ட் செய்யலாம், ஆனால் நான் சொன்ன அந்த முத்திரை அங்கே செல்லாது. ஃப்ளாப்பிக்கும் சிடிக்கும் இது போதும். ஏனென்றால் டிரைவ் பொட்டியோடு நிரந்தரமாக இருக்கிறது, உள்ளே போடும் தட்டு மட்டும்தான் மாறுகிறது. தானாக மவுண்ட் ஆகவும் சில முயற்சிகள் நடந்தன. நெட்வொர்க் டிஸ்க்குகளுக்காக சன் நிறுவனம் செய்த ஆட்டோமவுண்டரின் வழியில் லினக்ஸில் ஆட்டோஎஃப்எஸ் வந்தது. மாண்ட்ரேக் லினக்ஸ் 'சூப்பர்மவுண்ட்' என்ற ஒன்றைச் சேர்த்துக் கொடுத்தது. சிடியைப் போடலாம், எடுக்கலாம், ஒரு கட்டளையும் வேண்டாம். கேட்க நன்றாக இருந்தது. ஆனால் அது லினக்ஸ் கெர்னலின் மூலக் கிளைக்குள் கடைசிவரை சேரவில்லை.

பிறகு வந்தது யுஎஸ்பி. பென் டிரைவை வியாபாரப் பொருளாகக் கொண்டுவந்தவர்களில் ஒருவர் நம் சிங்கப்பூர் சொந்தங்களுக்குத் தெரிந்த ட்ரெக் நிறுவனம், வருஷம் 2000. எட்டு எம்பி கொள்ளளவு அன்று பெரிய விஷயம்! முதல் முறையாக டிரைவே ஊர் சுற்ற ஆரம்பித்தது. பட்டியலில் முன்கூட்டியே எழுதி வைக்க முடியாத விருந்தாளி. லினக்ஸ் அதை ஸ்கஸி டிஸ்க் போலக் காட்டும். முதலில் வருவது எஸ்டிஏ, அடுத்தது எஸ்டிபி. இன்றைக்கு எஸ்டிஏ1 ஆக இருந்த அதே பென் டிரைவ், நாளைக்கு கேமராவைச் சொருகிய பிறகு வந்தால் எஸ்டிபி1. எஃப்எஸ்டேப்பில் எந்தப் பெயரை எழுதி வைப்பது?

இதோடு இன்னொரு கூத்து. பென் டிரைவில் பெரும்பாலும் இருப்பது ஃபேட் கோப்பமைப்பு. எந்தக் கோப்பு யாருடையது என்ற பேச்சே அதில் கிடையாது. ஆகவே பெரியவர் மவுண்ட் செய்தால் உள்ளே இருக்கும் அத்தனையும் பெரியவருடையது என்று லினக்ஸ் முடிவு கட்டிவிடும். உங்கள் ஃபோட்டோவை நீங்களே பார்க்கலாம், ஆனால் அழிக்க முடியாது, புதிதாக ஒன்றைப் போட முடியாது. சரி, லினக்ஸுக்கே உரிய எக்ஸ்ட் முறையில் ஃபார்மேட் செய்துகொள்வோம் என்றால் அது இதைவிட மோசம். அதில் சொந்தக்காரரின் பெயர் இருக்காது, எண் மட்டும் இருக்கும். ரெட் ஹாட், ஃபெடோரா பொட்டிகளில் முதல் பயனருக்கு 500, டெபியன், உபுண்டுவில் 1000. ஆபீஸ் ஃபெடோராவில் எழுதிய கோப்பை வீட்டு உபுண்டுவில் திறந்தால், "500-ஆ? அப்படி யாரும் இங்கே இல்லையே" என்று நிற்கும். சொந்த வீட்டுச் சாமானுக்கு அனுமதி மறுப்பு. ஃபெடோரா 2011-ல்தான் இந்த எண்ணை 1000-க்கு மாற்றியது. வேற்றூரில் ரேஷன் கார்டை வைத்துக்கொண்டு முழித்தவர்களுக்கு இந்த வலி புரியும்.

இங்கே கேரளத்தின் பங்கைச் சொல்லியாக வேண்டும். ரிச்சர்ட் ஸ்டால்மன் நேரில் வந்து இந்தியாவின் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கி வைத்தது திருவனந்தபுரத்தில், 2001 ஜூலை 20 அன்று. அதே காலத்தில் மாநில அரசு ஐடி@ஸ்கூல் திட்டத்தை ஆரம்பித்தது. முதலில் பாடப்புத்தகம் விண்டோஸை வைத்துத்தான் எழுதப்பட்டது. ஆசிரியர்களும் கட்டற்ற மென்பொருள் ஆட்களும் விடாமல் சண்டை போட்டு, 2008-க்குள் பள்ளிக் கணினிப் பாடம் லினக்ஸுக்கு வந்து சேர்ந்தது. முதலில் டெபியனை வைத்து ஒரு வழங்கல், பிற்பாடு உபுண்டுவை வைத்து. 2017-ல் அந்தத் திட்டம் கைட் என்ற நிறுவனமாக ஆனது. 2011-ல் மாநில அரசு தொடங்கிய ஐசிஃபாஸ் மையமும் இந்தப் பக்கம்தான்.

நான் இதில் பார்ப்பது கொள்கைச் சண்டையை மட்டும் இல்லை. ஒரு பள்ளிக்கூட ஆய்வகத்தை யோசித்துப் பாருங்கள். ஒரு பொட்டிக்கு மூன்று நான்கு பிள்ளைகள். ரூட் பாஸ்வேர்டு ஆசிரியரிடம். பிள்ளை வரைந்த படத்தை பென் டிரைவில் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். ஒவ்வொரு முறையும் டீச்சர் ஓடி வந்து மவுண்ட் அடிக்க முடியுமா? பாஸ்வேர்டை நாற்பது பிள்ளைகளிடம் கொடுக்க முடியுமா? பெங்களூரிலோ பாஸ்டனிலோ இருக்கும் ஒரு புரோகிராமருக்கு மவுண்ட் என்பது பத்து எழுத்துக் கட்டளை, ஒரு பெருமை கூட. எட்டாங்கிளாஸ் பிள்ளைக்கு அது மூடிய கதவு. மேசைக்கணினி லினக்ஸ் பிழைக்குமா இல்லையா என்பது இந்த மாதிரி இடத்தில்தான் தீர்மானமானது என்பது என் கட்சி.

நல்லவேளையாக அதே வருஷங்களில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சிலருக்கு இதே எரிச்சல் வந்தது. 2003-ல் கிரெக் குரோவா-ஹார்ட்மன் யுடெவ் என்பதைக் கொண்டுவந்தார். டிவைஸ் வந்ததும் நிலையான பெயர் சூட்டும் வேலை அதற்கு. அதே வருஷம் ஹாவக் பென்னிங்டன் வன்பொருள் தானாக வேலை செய்ய வேண்டும் என்று ஒரு கட்டுரை எழுதினார். டேவிட் சாய்தன் அதற்கு உருவம் கொடுத்தார். பெயர் ஹால். புதிதாக எது சொருகப்பட்டாலும் ஹாலுக்குத் தெரியும், அது டி-பஸ் வழியாக மேசைச் சூழலுக்குத் தகவல் சொல்லும். 2004-ல் ராபர்ட் லவ் 'ப்ராஜெக்ட் உட்டோப்பியா' என்று பெயர் வைத்து இதையெல்லாம் கோத்தார். அந்த செப்டம்பரில் வந்த க்னோம் 2.8-ல் பென் டிரைவைச் சொருகினால் மேசையில் ஒரு படம் தானாக வந்தது. அடுத்த மாதம் வந்த முதல் உபுண்டுவில் மார்ட்டின் பிட் எழுதிய பிமவுண்ட். எஃப்எஸ்டேப் பட்டியலில் இல்லாத விருந்தாளியையும், ரூட் பாஸ்வேர்டு கேட்காமல், அந்த ஆபத்தான முத்திரையை மட்டும் செல்லாததாக்கிவிட்டு உள்ளே விடும். ஃபெடோராக்காரர்கள் வேறு வழியில் போனார்கள். டிவைஸ் வரவர எஃப்எஸ்டேப் கோப்பையே ஒரு புரோகிராம் திருத்தி எழுதிக்கொண்டிருக்கும். காலம் காலமாகப் பெரியவர் கைப்பட எழுதிய பட்டியலில் இயந்திரம் கிறுக்கினால் பழைய ஆட்களுக்கு எப்படி இருந்திருக்கும்!

'டிவைஸ் இஸ் பிஸி' தொல்லைக்கும் அப்போதுதான் ஒரு மருந்து கிடைத்தது. கோப்பு ஜன்னல் ஓர் அடைவைக் காட்டிக்கொண்டிருந்தால் அங்கே ஏதாவது மாறுகிறதா என்று கவனிக்க, அந்த அடைவைத் திறந்தே வைத்திருக்க வேண்டியிருந்தது. திறந்திருக்கும் வரை கழற்ற முடியாது. அதாவது வேடிக்கை பார்ப்பவரே வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். ஜான் மெக்கட்சனும் ராபர்ட் லவ்வும் எழுதிய ஐநோடிஃபை 2005 ஆகஸ்டில் வந்த 2.6.13 கெர்னலில் சேர்ந்தது. அதற்கு எட்டி நின்று கவனிக்கத் தெரியும்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்த நேரத்தில் எங்கள் வீட்டுக்கு மாமா வந்தார்.

2006. அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம் முடிந்து ஒரு மாதம். விழுப்புரத்தில் அனந்தபுரி ஏறி, மறுநாள் காலையில் திருவனந்தபுரத்தில் இறங்கி, கையில் முறுக்கு டப்பாவும் பென் டிரைவும். ஃபோட்டோக்காரர் ஒவ்வொரு படத்துக்கும் அழகாகத் தமிழில் பெயர் வைத்துக் கொடுத்திருந்தார். யாரெல்லாம் படத்தில் இருக்கிறார்கள் என்று அத்தை பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல அவர் அடித்த பெயர்கள். எங்கள் பொட்டியில் சொருகியதும் ஜன்னல் தானாகத் திறந்தது. உள்ளே முன்னூற்றுச் சொச்சம் கோப்புகள், எல்லாவற்றுக்கும் பெயர் கேள்விக்குறி, கேள்விக்குறி, கேள்விக்குறி. திறந்தால் 'அப்படி ஒரு கோப்பு இல்லை' என்று வருகிறது. "என்ன மாப்ள, எல்லாம் அழிஞ்சுபோச்சா?" என்று மாமா முகம் தொங்கிவிட்டது. தங்கமணி என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது.

ஒன்றும் அழியவில்லை. ஃபேட் அமைப்பில் நீளமான பெயர்கள் யுனிகோடில்தான் பதிவாகின்றன. தமிழ்ப் பெயர் பத்திரமாக உள்ளே இருக்கும். ஆனால் அதை இந்தப் பக்கம் காட்டும்போது எந்த எழுத்துத் தொகுதியில் காட்டுவது என்று மவுண்ட் செய்பவர் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான ஐஎஸ்ஓ 8859-1 என்று எடுத்துக்கொள்ளும். அதில் பிரெஞ்சு எழுத்து உண்டு, ஜெர்மன் எழுத்து உண்டு, தமிழுக்கு இடமில்லை. தெரியாத எழுத்துக்கெல்லாம் ஒரு கேள்விக்குறி. அந்தக் கேள்விக்குறிப் பெயரைத் திருப்பிக் கொடுத்துக் கேட்டால் அப்படி ஒரு கோப்பே இல்லை. மலையாளத்துக்கும் இதே கதிதான். கழற்றிவிட்டு, ரூட்டாக நுழைந்து, யுடிஎஃப்-8 என்று ஒரு வார்த்தை சேர்த்துக் கையால் மவுண்ட் செய்தேன். அத்தனை பெயரும் வந்தது. 'போளூர் பெரியம்மா', 'கண்ணமங்கலம் மாமா வீட்டார்', பெயரே தெரியாமல் 'பச்சைப் புடவை' என்று ஒன்று. மாமாவுக்கு உயிர் வந்தது.

தானாக மவுண்ட் செய்வது என்றால் யாரோ ஒருவர் நமக்காக முன்கூட்டியே முடிவெடுத்து வைத்திருக்கிறார் என்று அர்த்தம். பாரிஸிலோ பெர்லினிலோ இருப்பவர் அந்த முடிவை எடுத்தால் ஆரணி அதில் விட்டுப்போகும். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, ஞாபகம் வராது, அவ்வளவுதான். அடுத்தடுத்த வருஷங்களில் வழங்கல்கள் எல்லாம் யுடிஎஃப்-8-ஐ இயல்பாக ஏற்றுக்கொண்டபோது இந்தப் பிரச்சினை ஓசையில்லாமல் மறைந்தது.

மாமா கிளம்பும் நாளில் இன்னொரு பாடம். இங்கே எடுத்த படங்களை பென் டிரைவில் போட்டுக் கொடுத்தேன். ஓடும் பட்டை நூறு சதவீதம் தொட்டு மறைந்தது. "முடிஞ்சிடுச்சுல்ல, எடுத்துக்கறேன் மாப்ள, வண்டிக்கு நேரமாச்சு" என்று கையை நீட்டினார். "இருங்க மாமா, இன்னும் எழுதிட்டிருக்கு" என்று பிடித்து உட்கார வைத்தேன். அந்த ஃப்ளாப்பிக் கதைதான். பட்டை காட்டியது நினைவகத்தில் எழுதி முடித்ததை, பென் டிரைவில் எழுதி முடித்ததை இல்லை.

இதைச் சரிசெய்ய ஒரு சுலப வழி இருப்பதாகச் சிலர் நினைத்தார்கள். தள்ளிப்போடாமல் உடனுக்குடன் எழுது, 'சிங்க்'. ஃபேட் அமைப்பு அந்தச் சொல்லை 2005-ல் 2.6.12 கெர்னலிலிருந்து மதிக்க ஆரம்பித்தது. விளைவு, ஒவ்வொரு துண்டு எழுதும்போதும் டிஸ்க்கின் அட்டவணையையும் திருப்பித் திருப்பி எழுதும். வேகம் நத்தை. அதைவிடக் கொடுமை, ஃப்ளாஷ் சில்லின் ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கில் எழுதினால் அது தேய்ந்து செத்துவிடும். தகவலைக் காப்பாற்றப் போய் டிரைவைக் கொன்றார்கள். பிறகு நடுவழியாக 'ஃப்ளஷ்' என்ற ஒன்று வந்தது. கொஞ்சம் சேர்த்து வை, வேலை ஓய்ந்ததும் சீக்கிரம் எழுதிவிடு.

ஆனாலும் முழுக்கத் தீரவில்லை. 2013-ல் ஆர்டெம் தாஷ்கினோவ் என்பவர் கெர்னல்காரர்களிடம் இதைக் கிளப்பினார். நினைவகத்தில் எத்தனை சதவீதம் வரை எழுதாமல் சேர்த்து வைக்கலாம் என்று ஒரு வரம்பு உண்டு. பத்து சதவீதத்தில் பின்னணியில் எழுத ஆரம்பிக்கும், இருபதில் எழுதுபவரையே நிறுத்தி வைக்கும். 64 எம்பி நினைவகம் இருந்த காலத்தில் இருபது சதவீதம் என்றால் கையளவு. 16 ஜிபி பொட்டியில் அது மூன்று ஜிபி! மெதுவான பென் டிரைவில் அதை இறக்கப் பத்து நிமிஷம் கூட ஆகலாம். லினஸ் டோர்வால்ட்ஸும் அந்த வரம்பு பழைய காலத்தது என்று ஒப்புக்கொண்டார். இன்றைக்கும் பெரிய கோப்பைப் போட்டுவிட்டு உடனே பிடுங்காதீர்கள். 'பாதுகாப்பாக நீக்கு' என்பதை அழுத்தி, எடுக்கலாம் என்று அது சொல்லும் வரை காத்திருங்கள்.

விண்டோஸ் பக்கம் எல்லாம் சுகம் என்று யாரும் நினைக்க வேண்டாம். அங்கே வேறு நோய். சொருகியதும் உள்ளே இருக்கும் புரோகிராமைத் தானாக ஓட்டும் ஆட்டோரன். பிரவுசிங் சென்டரில் ஒரு பிரிண்ட் எடுக்கப் பென் டிரைவைக் கொடுத்தால் திரும்பி வரும்போது 'நியூ ஃபோல்டர்' என்று ஒரு கூடுதல் சாமான் இருக்கும். அதைத் தொட்டால் தொலைந்தோம். 2008-ல் கிளம்பிய கான்ஃபிக்கர் புழு இந்த வழியிலும் பரவியது. 2011 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் ஒரு புதுப்பிப்பு அனுப்பிப் பழைய விண்டோஸ்களில் பென் டிரைவுக்கு ஆட்டோரனை நிறுத்தியது. லினக்ஸ்காரர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்ட அதே 2011-ல் ஜான் லாரிமர் என்ற ஆய்வாளர் ஷ்மூகான் கூட்டத்தில் செய்து காட்டினார். பூட்டிய திரையோடு இருக்கும் லினக்ஸ் பொட்டியில் பென் டிரைவைச் சொருகுகிறார். அது தானாக மவுண்ட் ஆகிறது, கோப்பு ஜன்னல் உள்ளே இருப்பதற்குச் சின்னப் படம் வரையப் போகிறது, படம் வரையும் புரோகிராமில் இருந்த ஓட்டை வழியாகத் திரைப்பூட்டு திறக்கிறது. புரோகிராமை ஓட்ட வேண்டியதே இல்லை, எட்டிப் பார்த்தாலே போதும். அன்றிலிருந்து திரை பூட்டியிருக்கும்போது தானாக மவுண்ட் செய்யக் கூடாது என்ற பழக்கம் வேர்விட்டது.

ஹால் ரொம்ப நாள் நிற்கவில்லை. எல்லா வன்பொருளையும் ஒன்றே கவனிக்கப்போய்ப் பெருத்துவிட்டது. டேவிட் சாய்தனே அதை ஓரங்கட்டி, டிஸ்க்குக்கு மட்டும் யுடிஸ்க்ஸ் என்று தனியாக எழுதினார். 2012 வாக்கில் அதன் இரண்டாம் பதிப்பு வந்தபோது ஒவ்வொருவரின் பென் டிரைவும் அவரவர் பெயர் போட்ட அறைக்குள் போனது, ஒருவருடையதை இன்னொருவர் பார்க்க முடியாது. அனுமதிக் கேள்விக்கும் ஒரு தீர்ப்பு வந்தது. யுனிக்ஸ் "நீ யார்?" என்று கேட்டுக்கொண்டிருந்தது. யுடிஸ்க்ஸும் அதற்குப் பின்னால் இருக்கும் போல்கிட்டும் "நீ எங்கே உட்கார்ந்திருக்கிறாய்?" என்று கேட்டன. பொட்டியின் முன்னால், இந்தத் திரையில், இப்போது உட்கார்ந்திருப்பவர் தான் சொருகியதைத் திறக்கலாம். தூரத்திலிருந்து நெட்வொர்க் வழியாக நுழைந்தவர் திறக்க முடியாது. பள்ளிக்கூட ஆய்வகத்துப் பிள்ளைக்கு வேண்டியது இதுதான். நம்மூரில் தமிழக அரசு 2011-லிருந்து கொடுத்த இலவச மடிக்கணினிகளில் விண்டோஸோடு சிடாக் சென்னையின் பாஸ் லினக்ஸும் இருந்தது. அதைத் திறந்து பார்த்த பிள்ளைகளுக்கு முன் தலைமுறை பட்ட பாடு தெரிய வாய்ப்பில்லை.

அதற்கப்புறம் வந்த சில்லறைத் தொல்லைகள் அநேகமாகக் கோப்பமைப்புச் சண்டைகள். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் டிஸ்க்கில் பயமில்லாமல் எழுத 2007-ல் வந்த என்டிஎஃப்எஸ்-3ஜி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 64 ஜிபி கார்டுகளில் வரும் எக்ஸ்ஃபேட் மைக்ரோசாஃப்டின் காப்புரிமைக்குள் கிடந்தது. 2019-ல் அவர்களே அதன் விவரத்தை வெளியிட, 2020-ல் சாம்சங் எழுதிய டிரைவர் கெர்னலுக்குள் வந்தது. பேரன் பேத்தி வீடியோவைப் பெரிய கார்டில் போட்டு ஊருக்கு அனுப்புகிறவர்கள் இப்போது தைரியமாக எக்ஸ்ஃபேட் வைத்துக்கொள்ளலாம், இரண்டு பக்கமும் திறக்கும்.

கடைசியாக, உட்கார்ந்திருப்பவர் தீர்ப்பின் கதி. 2025 ஜூனில் குவாலிஸ் நிறுவனத்து ஆய்வாளர்கள் இரண்டு ஓட்டைகளை வெளியிட்டார்கள். முதலாவது ஓப்பன்சூசேயில். தூரத்திலிருந்து நுழைந்தவர் தான் பொட்டியின் முன்னால் உட்கார்ந்திருப்பதாகப் பொய் சொன்னால் அது நம்பிவிடும். இரண்டாவது, அநேகமாக எல்லா வழங்கல்களிலும் இருக்கும் யுடிஸ்க்ஸ் பயன்படுத்தும் நிரல் தொகுப்பில். ஒரு வட்டைப் பெரிதாக்குவதற்காக உள்ளுக்குள் தற்காலிகமாக மவுண்ட் செய்யும்போது, அந்தப் பழைய முத்திரையைச் செல்லாததாக்க மறந்திருந்தார்கள். இரண்டையும் சேர்த்தால் வெளியூரில் இருப்பவர் வீட்டுப் பெரியவர் ஆகிவிடலாம். 1971-ல் எதற்குப் பயந்தார்களோ அதே வாசல், அதே முத்திரை. வழங்கல்கள் உடனே திருத்தம் அனுப்பிவிட்டன. உங்கள் வீட்டுப் பொட்டியை அதற்கப்புறம் புதுப்பித்தீர்களா என்று இன்றைக்கே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.